சட்டசபைக்கு முதல்முறை போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

வெற்றிச் செய்தி கேட்ட அன்றே எழுதக் கை பரபரத்தது. சால்வைகளும் நன்றி அறிவிப்புப் பயணமும் ஓயட்டும் என்று பொறுத்திருந்தேன். பதவியேற்புக்கு முன் ஒரு முன்னாள் உறுப்பினரைப் பற்றி உன்னிடம் பேசியாக வேண்டும். அவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. நம் மாநிலத்தின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரில் இருப்பதால் உன் தொகுதியில் கருவுற்ற பெண்களுக்கெல்லாம் அந்தப் பெயர் தெரியும். அவர் சட்டசபையில் என்ன செய்தார் என்பதுதான் நம்மில் பலருக்கும் தெரியாது.

புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் 1926 இறுதியில் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமன உறுப்பினராக அழைப்பு வந்தபோது, மருத்துவத் தொழில் கெட்டுவிடுமே என்று தயங்கினார். தயங்கியவரை அவை ஒருமனதாகத் துணைத் தலைவராக்கியது. அங்கே அவர் இருந்தது நான்காண்டுக்கும் குறைவு. உனக்கு ஐந்தாண்டு இருக்கிறது.

1927-ல் பெண் குழந்தைகளைத் தேவதாசிகளாக்கக் கோயில்களில் பொட்டுக் கட்டுவதை நிறுத்தச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தார். மரபு, சமயம், கலை என்று எதிர்ப்பு கிளம்பியது. எதிர்த்தவர்களில் காங்கிரஸ்காரர் சத்தியமூர்த்தியும் உண்டு. ஆனால் நீ கவனிக்க வேண்டியது முத்துலட்சுமி அடுத்து வைத்த அடியை. தீர்மானம் நிறைவேறிவிட்டது என்று கைதட்டு வாங்கிக்கொண்டு அவர் ஓய்ந்துவிடவில்லை. வழக்கம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பார்த்தார். அது மானிய நிலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. கோயிலில் ஊழியம் செய்யும் வரைதான் அந்த நிலம் குடும்பத்துக்கு. ஊழியத்தை விட்டால் சோறும் போகும். அந்த நிலையில் ஒரு தாய் தன் மகளுக்குப் பொட்டுக் கட்டாமல் இருக்க வேண்டுமானால் பட்டினிக்குத் துணிய வேண்டும். அவர் முயற்சியால் 1929-ல் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் திருத்தம் வந்தது. நிலத்தையும் ஊழியத்தையும் அது பிரித்தது. ஊழியக் கட்டு அறுந்த நிலம் அனுபவித்துவந்த பெண்களுக்கே உரிமையானது. தடைச் சட்டத்துக்கு முன்னால் சோற்றுக்கு வழி. நான் படித்த சட்டசபை வரலாற்றில் இதைவிடக் கூர்மையான வேலையை அதிகம் பார்த்ததில்லை.

அவரிடம் எனக்கு ஒரு குறையும் உண்டு; மறைக்க மாட்டேன். பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட தேவதாசிப் பெண்களே அந்த முயற்சியை எதிர்த்து அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். எங்கள் எல்லாரையும் ஒரே பழிச்சொல்லுக்குள் அடைக்காதீர்கள், எங்கள் கலையும் சொத்துரிமையும் என்னாகும் என்பது அவர்கள் கேள்வி. அதே மரபில் வளர்ந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரோ ஊர் ஊராகப் போய்ப் பொட்டுக் கட்டுவதற்கு எதிராகப் பேசினார். ஆக, பாதிக்கப்பட்டவர்களின் குரல் ஒன்றாக இல்லை. குழந்தைகளைக் காக்க வேண்டும் என்பதில் முத்துலட்சுமி சரி. ஏற்கெனவே அந்த வாழ்க்கையில் இருந்த மூத்த கலைஞர்களின் கேள்விக்கு அவர் இன்னும் காது கொடுத்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். பின்னாளில் அவர்கள் ஆடிய சதிர், பரதநாட்டியம் என்று பேர் மாறி வேறு வீடுகளுக்குப் போனது. அதைக் காத்துவந்த பெண்களில் பலர் அந்த மேடைகளில் இல்லை. நாளைக்கு நீ ஒரு தடையை ஆதரித்துப் பேச எழுந்தால், அதனால் பிழைப்பு போகிறவர்கள் வீட்டுத் திண்ணையில் அதற்கு முன்பே உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். அவர்கள் உன்னைத் திட்டினாலும் எழுந்துவராதே.

1930-ல் பொட்டுக் கட்டுவதையே தடுக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். அந்த ஆண்டே உப்புச் சத்தியாகிரகத்தில் காந்தி கைதானார். எதிர்ப்பாக முத்துலட்சுமி பதவியைத் துறந்தார். மசோதா நின்றுபோனது. அது சட்டமானது 1947-ல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது. இடையில் 17 ஆண்டுகள். விலகியது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். நாடு முழுக்கச் சிறை நிரம்பிய நேரம் அது. ஆனால் அதன் விலையை யாரோ பெற்ற சிறுமிகள் கொடுத்தார்கள். ராஜினாமா கடிதம் எழுத உனக்கும் ஒருநாள் கை நீளலாம். நிலுவையில் உள்ள வேலையை யார் கையில் விட்டுப்போகிறாய் என்று அன்று எண்ணிப்பார்.

பதவி போனபின் அவர் சும்மா இருக்கவில்லை. விடுதிகளில் இடம் கிடைக்காத தேவதாசி மரபுப் பெண்கள் சிலர் அவர் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களைத் தங்கவைத்ததில் தொடங்கியதுதான் அவ்வை இல்லம். தங்கை புற்றுநோயில் இறந்த துயரத்தை நெஞ்சில் வைத்திருந்தவர், பல ஆண்டுகள் அலைந்து நன்கொடை திரட்டினார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார்; 1954-ல் அது நோயாளிகளுக்குத் திறந்தது. இவை இரண்டும் இன்றும் இயங்குகின்றன. 'முன்னாள்' என்ற அடைமொழியோடு வாழப் பயப்படுகிறவர்கள் நம் அரசியலில் ஏராளம். அந்தப் பயத்தால்தான் பலர் பதவியில் இருக்கும்போதே வளைந்துபோகிறார்கள்.

மானியக் கோரிக்கை விவாதத்தில் உனக்குக் கிடைக்கும் நிமிடங்கள் குறைவு. தலைவரைப் போற்றியே அதில் பாதியைக் கரைத்துவிடும் பழக்கம் அங்கே வேரூன்றியிருக்கிறது. நீ ஒரே வரியில் வணக்கம் சொல்லிவிட்டு உன் தொகுதிக்குப் போய்விடு. கேள்வி நேரத்துக்கு ஆயத்தமில்லாமல் போகாதே. அரசாணையைப் படித்து முடிக்காமல் அதைப் பற்றி வாய் திறக்காதே.

முத்துலட்சுமி தம் சட்டசபை அனுபவத்தை ஆங்கிலத்தில் ஒரு நூலாகவே எழுதிவைத்திருக்கிறார். அதைத் தேடிப் பிடி. 1927 முதல் 1930 வரையிலான அவை நடவடிக்கைத் தொகுதிகளையும் நூலகத்தில் கேட்டு வாங்கு. அவர் பேசியதை மட்டும் படித்து நிறுத்திவிடாதே. எதிர்த்தவர்கள் பேசியதையும் முழுக்கப் படி. முதல் கூட்டத்தொடருக்கு முன் இதை முடித்துவிடு.

அன்புடன்,
உன் பெரியம்மா