மருந்து தேடும் கணிப்பொறிக்கு முன்பயிற்சி



கணிப்பொறி மருந்து காய்ச்சுவதில்லை. ‘இந்த மூலக்கூறைச் சோதிக்கலாம், அதை விட்டுவிடலாம்’ என்று வரிசை கட்டித் தருகிறது, அவ்வளவுதான். அப்படிச் சொல்ல அது முதலில் படித்திருக்க வேண்டும். எப்படிப் படிக்கிறது என்பதை இங்கே காண்போம்.

மூலக்கூறை எழுத்து வரிசையாக எழுதும் ‘ஸ்மைல்ஸ்’ முறையை 1980-களில் டேவிட் வைனிங்கர் உருவாக்கினார். நம்ம லேபில் இருக்கும் எத்தனால் இதில் ‘சிசிஓ’. அதாவது இரண்டு கார்பன், ஒரு ஆக்சிஜன். ஹைட்ரஜனை எழுதுவதில்லை, நாமாகப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். கிளை வந்தால் அடைப்புக்குறி, வளையம் வந்தால் எண்.

இப்படி எழுதிய மூலக்கூறுகள் கோடிக்கணக்கில் கிடைக்கின்றன. ஆனால் ‘இது மூளைக்குள் புகும், இது புகாது’ என்று சோதித்து விடை எழுதி வைத்தவை ரொம்பக் கொஞ்சம். இந்தக் கேள்விக்குப் பலரும் பயன்படுத்தும் தொகுப்பில் சுமார் 2,000 மூலக்கூறுகள்தான் உள்ளன. ஒவ்வொரு விடைக்கும் ஆய்வகச் செலவு உண்டே! 2,000 கணக்கை மட்டும் பார்த்து ஒரு பாடத்தை எப்படித் தேறுவது?

எங்கம்மா போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறார். பள்ளிக்கூடம் போனதில்லை. பல வருஷமாகக் காயைத் தொட்டுத் தொட்டு நிறம், பருமன், எடை எல்லாம் கைக்கே தெரியும். புது வியாபாரி நாலு கைப்பிடி மாதிரி காட்டினால் போதும், மூட்டையையே அவர் கேட்ட மாதிரி பிரித்துவிடுவார். அந்த வருஷங்கள்தான் முன்பயிற்சி. நாலு கைப்பிடி என்பது பிறகு வரும் சிறு பயிற்சி.

கணிப்பொறிக்கும் இதே கதைதான். வரிசையில் சில எழுத்துகளை மறைத்து ‘இங்கே என்ன வரும்?’ என்று கேட்கிறார்கள். விடை வரிசையிலேயே இருப்பதால் ஆய்வகம் தேவையில்லை. திறந்த அடைப்புக்குறி மூட வேண்டும், கார்பனுக்கு நாலு பிணைப்பு என்பதையெல்லாம் யாரும் சொல்லாமலே அது பிடித்துக்கொள்கிறது.

2020-இல் சேயோன் சித்ரானந்தா, கேப்ரியேல் கிராண்ட், பரத் ராம்சுந்தர் ஆகியோர் வெளியிட்ட ‘கெம்பெர்ட்டா’ இவ்வகையைச் சேர்ந்தது. 1 லட்சம் மூலக்கூறுகளிலிருந்து 1 கோடி வரை கூட்டிக்கொண்டே போனபோது தேர்ச்சியும் கூடியது. ஆனால் அப்போதிருந்த சிறந்த முறைகளை அது முந்திவிடவில்லை. இதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள், எனக்குப் பிடித்தது அதுதான்.

நம் பக்கத்திலும் சரக்கு உண்டு. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் அரிஜித் சமல் குழுவினர் உருவாக்கிய ‘இம்பாட்’ தொகுப்பின் இரண்டாம் பதிப்பில் 4,010 இந்திய மூலிகைகளும் 17,967 தாவர வேதிப்பொருள்களும் உள்ளன. செடி கட்டும் மூலக்கூறுகளில் வளையமும் திருப்பமும் அதிகம். ஆய்வகத்தில் கட்டியவற்றையே நிறையப் படித்த கணிப்பொறிக்கு இவை புரியுமா என்பது என் சந்தேகம்.

சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. ஏலக்காய் மணத்தில் பங்குள்ள சினியோலில் பத்து கார்பன், ஒரு ஆக்சிஜன். அந்த ஆக்சிஜனை மட்டும் மறைத்துவிட்டு, கெம்பெர்ட்டா அங்கே எதை நிரப்புகிறது என்று நம்ம கணிப்பொறி லேபிலேயே பார்க்கலாம். அது இலவசம்தான்.