மயிரிழைக் கால்வாயில் எக்ஸ் கதிர்

இயற்பியல் வகுப்பில் ஒரு நாள் சிஸ்டர் ஒரு வேலை விளம்பரத்தைப் படித்துக் காட்டினார். வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு ஆராய்ச்சியாளர் ஒருவர் தேவை. எக்ஸ் கதிர்ச் சோதனைகளுக்கு வேண்டிய நுண்பாய்மக் கருவிகளை உருவாக்குவது அவருடைய பணி என்று அதில் கண்டிருந்தது. "யாருக்காவது ஏதாவது விளங்கியதா?" என்று கேட்டார். ஒருத்திக்கும் விளங்கவில்லை. எக்ஸ் கதிர் என்றால் ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படம் எடுப்பது. பாய்மம் என்றால் தண்ணீர், எண்ணெய், காற்று போலப் பாய்ந்து ஓடுவது. இவை இரண்டுக்கும் என்ன உறவு? அறிவியல் கண்காட்சிக்குப் பொருள் தேடி அலைந்துகொண்டிருந்த எங்கள் குழுவினர் நால்வரும் அன்றே இதைப் பிடித்துக்கொண்டோம். படித்தும் கேட்டும் செய்து பார்த்தும் அறிந்ததைத் தோழியராகிய உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

எக்ஸ் கதிரை ராண்ட்ஜன் 1895-இல் கண்டுபிடித்ததும், மறு ஆண்டே மருத்துவர்கள் அதைக் கொண்டு எலும்பைப் பார்க்கத் தொடங்கியதும் நாம் அறிந்தவையே. அதன் மற்றொரு பயன் பலருக்குத் தெரியாது. 1912-இல் ஜெர்மனியில் லாவே என்பவரின் யோசனைப்படி ஒரு படிகத்தின் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்தியபோது, பின்னால் வைத்த படத்தகட்டில் புள்ளிகள் ஒழுங்காக விழுந்தன. அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் பிராக் என்னும் தந்தையும் மகனும் அத்தகைய சிதறலைக் கணக்கிட்டு, சாதாரண உப்பினுள் அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்று சொல்லிவிட்டனர். உப்பில் தொடங்கிய இம்முறையால்தான் டாரதி ஹாட்ஜ்கின் அம்மையார் பெனிசிலின், வைட்டமின் பி-12, இன்சுலின் ஆகியவற்றின் அமைப்பைக் கண்டார். நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009-இல் நோபல் பரிசு பெற்றதும், உயிரணுவில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் அமைப்பை இம்முறையில் கண்டதற்கே.

அவருடன் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களுள் ஒருவர் இஸ்ரேல் நாட்டு அடா யோனத் அம்மையார். அவருக்கு ஒரு பெரிய தொல்லை இருந்தது. எக்ஸ் கதிர் படிகத்தைக் காட்டவும் செய்கிறது, கெடுக்கவும் செய்கிறது. பல நாள் பாடுபட்டு வளர்த்த படிகம் கதிர் பட்ட சிறிது நேரத்தில் பாழாகிவிடும். படிகத்தை மிகக் கடுமையாகக் குளிர்வித்தால் அது தாங்கும் என்று 1980-களில் அவர் வழி கண்டார். இன்றும் பெரும்பாலோர் அப்படியே செய்கின்றனர். ஆனால் உறைந்துபோன மீனைப் பார்த்து அது நீந்தும் விதத்தை அறிய முடியுமா? புரதம் வேலை செய்யும்போது அசைகிறது, திறக்கிறது, மூடுகிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் உறையாமல், நீரிலேயே வைத்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு ஒரு வினோதமான யோசனை 2000-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு உப்சலாவிலிருந்து வெளியாயிற்று. படிகம் கெடுவதற்கு முன்னரே படம் எடுத்துவிட்டால் என்ன? ஒரு விநாடியைப் பத்துக் கோடி கோடிப் பங்காகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்குக்கு ஃபெம்டோ விநாடி என்று பெயர். சில பத்து ஃபெம்டோ விநாடியே நீடிக்கும் கதிர்த் துடிப்பு ஒன்று படிகத்தைத் தாக்கினால், புள்ளிப்படம் பதிந்த பிறகே படிகம் வெடிக்கும். அத்தகைய துடிப்பைத் தரும் எக்ஸ் கதிர் லேசர் 2009-இல் அமெரிக்காவில் ஸ்டான்போர்டில் ஒளிர்ந்தது. தாவரங்களிலும் நீலப்பச்சைப் பாசிகளிலும் ஒளியைப் பிடிக்கும் ஒரு புரதத்தின் நுண்படிகங்களை அதன் முன் ஓடவிட்டு, 30 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்து, 2011-இல் முடிவை வெளியிட்டனர்.

கவனியுங்கள்: ஒவ்வொரு படிகமும் ஒரே ஒரு படம் தந்துவிட்டு அழிந்துபோகிறது. அடுத்த துடிப்புக்கு அடுத்த படிகம் அதே இடத்தில் தயாராக நிற்க வேண்டும். கண்ணுக்கே தெரியாத படிகங்களை விநாடிக்கு நூறு, ஆயிரம் என்று யார் கொண்டுவந்து வைப்பது? விளம்பரத்தில் கேட்ட ஆராய்ச்சியாளருக்கு வேலை வருவது இங்கேதான். செய்திகளில் அந்த மாபெரும் லேசரின் படமே வருகின்றது. அதன் முன்னால் நிற்கும் சின்னஞ்சிறு நாசிலின் படத்தை யாரும் போடுவதில்லை. எங்களுக்கு அதில் சிறிது வருத்தந்தான்.

நாசிலின் துளை மிகச் சிறியதாக இருந்தால் படிகங்கள் அடைத்துக்கொள்ளும். பெரியதாக இருந்தால் தாரை தடித்து, சுற்றியுள்ள நீரே கதிரைச் சிதறச் செய்து படத்தைக் கெடுக்கும். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் இதற்கு ஓர் அழகான வழி செய்தனர். துளையைச் சற்றுப் பெரிதாகவே வைத்து, வெளிவரும் தாரையைச் சுற்றிலும் ஹீலியம் வாயுவை விரைவாகச் செலுத்தினர். வாயு நாற்புறமும் நெருக்குவதால் தாரை ஒரு சில மைக்ரான் அளவுக்கு மெலிந்துவிடுகிறது. துளையும் அடைபடவில்லை, தாரையும் தடிக்கவில்லை! முதலில் கண்ணாடிக் குழாயைக் கையால் இழைத்தே இவற்றைச் செய்தனர்; ஒன்றைப் போல் மற்றொன்று அமையாது. இப்போது முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அச்சிடுகின்றனர்.

அடுத்து வந்தது ஜெர்மனி. ஹாம்பர்க் நகரில் தொடங்கி ஷேனஃபெல்டு என்னும் ஊர் வரை 3.4 கிலோமீட்டர் நீளம் பூமிக்கடியில் செல்லும் ஐரோப்பிய எக்ஸ் கதிர் லேசர் 2017-இல் திறக்கப்பட்டது. அது விநாடிக்கு 27,000 துடிப்புகள் வரை தரக்கூடியது. ஆனால் அவை சீராக வருவதில்லை. ரயில் பெட்டிகள் போல் கோத்துக்கொண்டு, விநாடிக்குப் பத்துத் தொடர்களாக வருகின்றன. ஒரு தொடர் கடந்து செல்ல ஆகும் நேரம் 0.6 மில்லி விநாடிதான். நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். பத்துத் தொடருக்கு 6 மில்லி விநாடி. மீதி 994 மில்லி விநாடியும் கதிர் இல்லை. ஆனால் தாரை நிற்காமல் ஓடுகின்றது! அதாவது நூற்றுக்கு 99 பங்குக்கும் மேலான படிகங்கள் ஒரு கதிரையும் காணாமலே சாக்கடைக்குப் போகின்றன. ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்துத் தூய்மையாக்கிப் படிகமாக்கப் பல மாதங்கள் ஆகலாம். சோதனைக்குக் கிடைப்பதோ ஒரு சில நாட்கள். ரேஷன் கடையில் வாங்கிய மண்ணெண்ணெயைத் துளி சிந்தாமல் ஊற்றிய காலத்தை எங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இந்தக் கணக்கைக் கேட்டால் அவர்கள் நெஞ்சில் கை வைத்துக்கொள்வர்.

இந்த வீணைக் குறைக்கும் கருவி ஒன்றை அரிசோனாவில் அலெக்ஸாண்டிரா ராஸ் அம்மையாரின் குழுவினர் செய்து, 2020-இல் விவரம் வெளியிட்டனர். சிறு கால்வாய் ஒன்றில் படிகங்கள் உள்ள நீரும், அதனோடு கலவாத எண்ணெயும் சந்திக்கின்றன. நீர் துளித் துளியாக அறுபட்டு, இடையிடையே எண்ணெய் நிரம்பிச் செல்கிறது. தொடர் வரும்போது துளி, வராதபோது எண்ணெய். இதனால் வீணாவது சுமார் 60 விழுக்காடு குறைந்ததாம்.

மற்றொரு பயனே எங்களை மிகவும் கவர்ந்தது. புரதத்தோடு மருந்தைக் கலந்து, கலந்த கணத்திலிருந்து என்ன நடக்கிறது என்று பார்ப்பது. நம் வீட்டில் காப்பியில் சர்க்கரை கலக்கக் கரண்டியால் சுழற்றுகிறோம். மயிரிழைக் கால்வாயில் சுழலே தோன்றாது. குழாய் சிறுத்து ஓட்டமும் மெதுவானால், பாகுநிலையின் கை ஓங்கி, நீர் வரிச்சீர் ஓட்டமாகவே செல்லும். 1883-இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் சாயத்தை ஓடவிட்டுக் காட்டியது இதுவே. இரு நீர்கள் அருகருகே ஓடினாலும் ஒன்றுக்குள் ஒன்று மெல்ல விரவுவதன்றிக் கலப்பதில்லை.

இதை நாங்கள் நம்பவில்லை. ஆகவே செய்து பார்த்தோம். எவர்சில்வர் தட்டில் தேங்காய் எண்ணெய் தடவி, விளக்குமாற்று ஈர்க்குகளைக் கவை வடிவில் ஒட்டினோம். சைனா கிராஸைக் காய்ச்சி அதன்மேல் ஊற்றி, இறுகியதும் உரித்தெடுத்தோம். முதல் தடவை நீர் அதிகமாகி உரிக்கும்போதே கிழிந்தது. இரண்டாம் தடவை கண்ணாடியில் சரியாக ஒட்டாமல் மை கசிந்து, ஆய்வுக்கூட மேசை விரிப்பு நீலமாயிற்று. (சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை, விரிப்பை மட்டும் எங்களிடம் துவைக்கக் கொடுத்தார்.) மூன்றாவது தகடு ஒட்டிக்கொண்டது. ஒரு கவையில் நீல மை கலந்த நீரும், மறு கவையில் கேசரிப் பவுடர் நீரும் விட்டு, மறுமுனையில் ஊசியில்லாத சிரிஞ்சால் மெல்ல இழுத்தோம். தம்ளரில் ஊற்றியவுடன் சேறாகிப்போன அவ்விரு நிறங்களும், இங்கே ஒரே கால்வாயில் பாதி நீலம் பாதி ஆரஞ்சாகக் கோடு பிரித்தாற்போல் ஓடின! சிரிஞ்சை இழுத்துக்கொண்டிருந்தவள் பார்க்க முடியவில்லை என்று சண்டைக்கு வந்தாள்.

எங்கள் கால்வாய் ஒரு மில்லிமீட்டர் அகலம். ஆய்வுக்கூடங்களில் அதில் இருபதில் ஒரு பங்கும் உண்டு. ஆனால் செய்முறை ஏறக்குறைய இதுவே. 1998-இல் ஹார்வர்டில் ஜார்ஜ் ஒயிட்சைட்ஸ் குழுவினர் வெளியிட்ட முறைப்படி, ஒளியால் செதுக்கிய அச்சின் மேல் சிலிகோன் ரப்பரை ஊற்றி, சூட்டில் இறுகவைத்து, உரித்து, துளையிட்டு, கண்ணாடியோடு ஒட்டுகின்றனர். எக்ஸ் கதிருக்கு மட்டும் அது போதாது. ரப்பரில் உள்ள சிலிகான் அணுவும் தடித்த கண்ணாடியும் கதிரை விழுங்கிவிடும். ஆகவே கதிர் செல்லும் இடத்தில் மஞ்சள் நிறக் காப்டான் போன்ற மெல்லிய பிளாஸ்டிக் தாள்களைச் சாளரமாக வைக்கின்றனர். மெலிதாக்கினால் கசியும், கிழியும். தடிப்பாக்கினால் படம் மங்கும். அந்த ஆராய்ச்சியாளரின் நாட்களில் பெரும்பகுதி இந்த இழுபறியிலேயே கழியும் போலும்.

கலப்பு விஷயத்துக்கு வருவோம். விரவல் தானாக நடப்பதுதான். ஆனால் தூரம் பத்தில் ஒன்றானால் நேரம் நூறில் ஒன்றாகிவிடும். ஆகவே படிகநீரை மிக மெல்லிய இழையாக்கி, சுற்றிலும் மருந்துக் கரைசலை ஓடவிட்டால், மருந்து மில்லி விநாடிகளில் உள்ளே புகுந்துவிடும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் லோயிஸ் பொல்லாக் அம்மையாரின் குழுவினர் இத்தகைய கலப்பு நாசில்களைச் செய்தனர். கலக்கும் இடத்திலிருந்து கதிர் படும் இடம் வரை உள்ள தூரமே இங்கே கடிகாரம். தூரத்தைக் கூட்டினால் நேரம் கூடும்.

இதைக் கொண்டு பார்த்தவற்றுள் ஒன்று காசநோய்க் கிருமியின் நொதி. பெனிசிலின் குடும்ப மருந்துகள் காசநோயில் பலிக்காமைக்கு அந்த நொதி ஒரு முக்கியக் காரணம்; அது மருந்தின் வளையத்தை வெட்டிவிடுகிறது. செஃப்ட்ரையாக்சோன் என்னும் மருந்தை அதனோடு கலந்து, 30 மில்லி விநாடி முதல் 2 விநாடி வரை வெவ்வேறு நேரங்களில் எடுத்த படங்கள் 2018-இல் வெளியாயின. மருந்து உள்ளே வந்து அமர்வதும், வெட்டுப்பட்டு நொதியோடு பிணைந்து நிற்பதும் அவற்றில் தெரிந்தன. எங்கள் குழுவில் ஒருத்தியின் தாத்தா காசநோயால் இறந்தவர். அவள்தான் இப்பகுதியை விளக்கும் அட்டையை எழுதுவேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கண்காட்சியன்று பெற்றோர் பலர் எங்கள் மேசைக்கு வந்தனர். இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்றே அதிகம் கேட்டனர். இயற்பியல், வேதியியல், பொறியியல் இவற்றுள் ஒன்றில் பட்டம், அதன்மேல் முனைவர் பட்டம் என்று விளம்பரத்தில் இருந்ததைச் சொன்னோம். ஒரு தாயார், "ஈர்க்கு ஒட்டவும் தெரிய வேண்டுமோ?" என்று சிரித்தார். சிஸ்டர், "அதுதான் கடினம்" என்றார்.

மூன்றாம் நாள் சைனா கிராஸ் காய்ந்து சுருங்கி, கால்வாய் வளைந்துபோயிற்று. தட்டில் ஒட்டிய ஈர்க்குகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் கேட்டதால், அவற்றைப் பெயர்க்காமல் ஆய்வுக்கூட அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறோம்.