முதல் வாரத் தேர்வும் பிரிட்ஜ் கோர்ஸும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பிளஸ் டூ முடித்த பிள்ளை கல்லூரியில் சேர்ந்தாயிற்று, பீஸும் கட்டியாயிற்று. முதல் வாரத்திலேயே ஒரு தாளைக் கையில் கொடுத்து எழுதச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பத்தி, அதிலிருந்து நான்கைந்து கேள்விகள், விழுக்காடும் விகிதமும் கேட்கும் சில கணக்குகள், தன்னைப் பற்றிச் சொந்தமாக ஐந்து வரி. பிறகு அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல் ஏறுகிறது: இவர்கள் பிரிட்ஜ் கோர்ஸுக்கு, அதாவது அடிப்படையைச் சொல்லிக்கொடுக்கும் கூடுதல் வகுப்புக்கு, வர வேண்டும்.

விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூர் பகுதியில் தீப்பெட்டி ஆபீசுக்கோ பட்டாசு ஆலைக்கோ வேலைக்குப் போய்ப் பிள்ளையைப் படிக்க வைக்கும் வீட்டில், கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் பெரும்பாலும் அந்தப் பிள்ளைதான். பட்டியலில் பெயர் வந்தால் என்ன அர்த்தம் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. தெருவில் யாரோ சொன்னதே முடிவாகிவிடுகிறது. அப்படி உலவும் ஆறு நம்பிக்கைகளை இங்கே எடுத்துக்கொள்வோம்.

நம்பிக்கை 1: அந்தத் தேர்வில் தோற்றால் சீட் போய்விடும்.

உண்மை: போகாது. தமிழ்நாட்டில் கலை, அறிவியல் கல்லூரிச் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து நடக்கிறது. பொறியியலுக்கு இருந்த நுழைவுத் தேர்வையும் 2006ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிவிட்டது. முதல் வாரத் தேர்வு சேர்க்கை முடிந்த பிறகு நடப்பது. யாருக்கு எதைக் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஆசிரியர் தெரிந்துகொள்வதற்கான தேர்வு அது. அந்த மதிப்பெண் பல்கலைக்கழக மார்க் ஷீட்டில் ஏறாது.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாடத்திட்டத்திலேயே கிரெடிட்டோடு இருக்கும் அடிப்படைத் தாள்கள் வேறு. அவற்றில் தேர்ச்சி பெறாவிட்டால் அரியர் விழும், பட்டமும் தள்ளிப்போகும். நம் பிள்ளைக்குச் சொல்லப்பட்டிருப்பது இரண்டில் எது என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம்பிக்கை 2: பிரிட்ஜ் கோர்ஸ் என்பது மக்குப் பிள்ளைகளின் வகுப்பு.

உண்மை: தமிழ் வழியில் வணிகவியல் படித்த ஒரு மாணவியை எடுத்துக்கொள்ளுங்கள். பேரேட்டில் பற்று எது, வரவு எது என்று அவள் தடுமாறாமல் எழுதுவாள். இருப்புநிலைக் குறிப்பின் இரு பக்கத்தையும் சரிக்கட்டிக் காட்டுவாள். பி.காம். முதல் வகுப்பில் லெட்ஜர், டெபிட், கிரெடிட், பேலன்ஸ் ஷீட் என்று பாடம் ஓடும்போது, தெரிந்த கணக்கே தெரியாத கணக்காகத் தோன்றுகிறது. அவளுக்கு அறிவில் குறையில்லை. மீடியம் மாறியிருக்கிறது. நாலைந்து வாரம் இரண்டு மொழியிலும் பக்கம் பக்கமாக வைத்துச் சொல்லிக்கொடுத்தால் தீர்ந்துவிடும் பிரச்சினை. அதைச் செய்யாமல் விட்டால் முதல் செமஸ்டரிலேயே அரியராகி நிற்கும்.

எதிர்த் திசையிலும் ஒரு பாலம் நம் பல்கலைக்கழக விதிகளிலேயே உண்டு. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் படிக்காமல், கல்லூரியில் மொழிப்பாடமான பகுதி ஒன்றில் வேறு மொழி எடுத்தவர்கள், பகுதி நான்கில் அடிப்படைத் தமிழ் என்று இரண்டு தாள்கள் எழுத வேண்டும். அதன் தரம் ஆறாம் வகுப்பு அளவு. பெரிய தனியார் பள்ளியில் படித்துவிட்டு வந்த பிள்ளை அந்த வகுப்பில் உட்காருவதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. தமிழ் வழிப் பிள்ளை ஆங்கிலத்துக்காக ஒரு வகுப்பில் உட்காருவது மட்டும் எப்படி அவமானமாகும்?

நம்பிக்கை 3: பிளஸ் டூ தேர்ச்சியில் பேர் வாங்கிய மாவட்டம் விருதுநகர். நம் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?

உண்மை: பெருமை நியாயமானது. பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் 2017இலும் 2018இலும் விருதுநகர் மாநிலத்தில் முதலிடம் பிடித்தது. இந்த வறண்ட மண்ணில் அது ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்து உழைத்து வாங்கிய பெயர். ஆனால் தேர்ச்சி விகிதம் எத்தனை பேர் 35 விழுக்காடு மதிப்பெண் என்ற கோட்டைத் தாண்டினார்கள் என்பதைத்தான் சொல்கிறது. ஆங்கிலப் புத்தகத்தைத் தானே படித்துப் புரிந்துகொள்ள முடியுமா, கணக்கை மனப்பாடம் இல்லாமல் போட முடியுமா என்பதை அது சொல்லாது. முக்கியக் கேள்விகளை மட்டும் படித்துத் தேறிய பிள்ளைக்குக் கல்லூரியில் அந்த வழி நெடுநாள் கைகொடுக்காது. மதிப்பெண் நன்றாக இருந்தும் பட்டியலில் பெயர் வந்திருந்தால் பதறாதீர்கள். எந்த இடத்தில் தடுக்கியது என்று விடைத்தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

நம்பிக்கை 4: ஒரு தேர்வு போதும், பிள்ளையின் தரம் தெரிந்துவிடும்.

உண்மை: இது கல்லூரிகளிலும் இருக்கிற நம்பிக்கை. இதற்கு அதிக விலை கொடுத்தது அமெரிக்கா. அங்கே கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் இரண்டாண்டுக் கல்லூரிகள் யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ளும். ஆனால் முன்பெல்லாம் சேர்ந்தவுடன் கம்ப்யூட்டரில் ஒரு தேர்வு. அதில் குறைந்தால் பட்டத்துக்குக் கணக்கில் வராத அடிப்படை வகுப்புகளை, பணமும் கட்டி, முதலில் முடிக்க வேண்டியிருந்தது. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு மையம் ஒன்று 2012இல் இந்தத் தேர்வுகளை ஆராய்ந்தபோது, கணிதத்தில் ஏறக்குறைய நான்கில் ஒருவரும் ஆங்கிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரும் தங்களுக்குச் சற்றும் பொருந்தாத வகுப்பில் வைக்கப்பட்டதாகத் தெரிந்தது. நேராகப் பாடத்துக்குப் போயிருந்தால் நன்றாகவே தேறியிருக்கக் கூடியவர்கள் கீழே நிறுத்தப்பட்டதுதான் அதில் அதிகம். பள்ளி மதிப்பெண் அந்தத் தேர்வைவிட நம்பகமாக இருந்தது. பெருவாரியாகப் பயன்பட்ட காம்பஸ் என்ற தேர்வை அதை நடத்திய நிறுவனமே 2016இல் நிறுத்தியது. கலிபோர்னியா 2017இல் சட்டம் போட்டுப் பள்ளி மதிப்பெண்ணையே முதன்மையாகப் பார்க்கச் சொன்னது.

இங்கே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இது: விடுமுறையில் எண்ணிக்கைக் கூலிக்கு வேலை பார்த்த பையன், ஆயிரத்துக்கு இவ்வளவு கூலி என்றால் ஏழாயிரத்து ஐந்நூறுக்கு எவ்வளவு என்று வாயாலேயே சொல்லிவிடுவான். அதே விகிதக் கணக்கு ஆங்கிலத்தில் நாலு வரியாக வந்தால் விட்டுவிடுவான். விடைத்தாள் அவனைக் கணக்கு வராதவன் என்று காட்டும். அவனிடம் பத்து நிமிடம் பேசிப் பார்க்கும் ஆசிரியருக்குத்தான் உண்மை தெரியும். தேர்வு, பிளஸ் டூ மதிப்பெண், நேர்ப்பேச்சு மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் எந்தப் பிள்ளையையும் எந்த வகுப்பிலும் போடக் கூடாது.

நம்பிக்கை 5: அடிப்படையை முழுசாக முடித்த பிறகுதான் பாடத்தைத் தொட வேண்டும்.

உண்மை: கேட்க நியாயமாக இருக்கிறது. நடப்பில் பிள்ளைகளை வெளியே அனுப்பும் வழி இதுவே. முன்னால் வைக்கிற ஒவ்வொரு கூடுதல் படியிலும் சிலர் நின்றுவிடுகிறார்கள். இதைப் பார்த்துத்தான் டென்னசி மாநிலம் 2015இல் முறையை மாற்றியது: மாணவர் முதல் செமஸ்டரிலேயே பட்டப் பாடத்தில் உட்காருவார், உதவி வகுப்பு அதோடு கூடவே நடக்கும். அதன் பிறகு முதல் ஆண்டுக் கணிதத்தை முடித்தவர்கள் எண்ணிக்கை கூடியது.

இந்தப் பாடத்தை நம் வட்டாரம் குழந்தைத் தொழிலாளர் காலத்திலேயே படித்திருக்கிறது. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 1988இல் தொடங்கியபோது முதலில் வந்த இடங்களில் சிவகாசியும் ஒன்று. வேலைத்தலத்திலிருந்து மீட்ட பிள்ளைகளைச் சிறப்புப் பள்ளிகளில் தேற்றி, வழக்கமான பள்ளிக்கு அனுப்பினார்கள். பிறகு வந்த 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போனது: படிப்பை விட்ட பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பிலேயே சேர்க்க வேண்டும், மற்றவர்களுக்கு ஈடாக வர அந்தப் பிள்ளைக்குச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமை உண்டு. பதினோரு வயதுப் பிள்ளைக்குச் சட்டம் தரும் மரியாதையைப் பதினெட்டு வயதுப் பிள்ளைக்குக் கல்லூரி தர வேண்டும். இங்கே ஒரு செமஸ்டர் வீணானால், தீபாவளி ஆர்டர் சூடுபிடிக்கும் மாதங்களில் அந்தப் பிள்ளை ஆலைக்குப் போய்விடும். போன பிள்ளையைத் திருப்பிக் கூட்டிவருவது லேசில்லை.

நம்பிக்கை 6: ஐ.டி.ஐ., சமுதாயக் கல்லூரி என்று போனவர்களுக்கு மேற்கொண்டு வழியில்லை.

உண்மை: ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டு சேரலாம். புதுச்சேரியில் 1995இலும் சென்னையில் 1996இலும் தொடங்கிய சமுதாயக் கல்லூரிகள், படிப்பை விட்டவர்களுக்கு வாழ்க்கைத் திறனும் தொழிலும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கவே வந்தவை. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2013இல் அப்படி ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நேரடி இரண்டாம் ஆண்டு சேரும் பிள்ளை முதலாண்டுக் கணிதத்தைப் படிக்காமலே இரண்டாம் ஆண்டுக் கணிதத்தில் விழுகிறது. அங்கேதான் உதவி வகுப்பு மிக அவசியம். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமமே 2021இல் சில பொறியியல் பிரிவுகளுக்குப் பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல் கட்டாயமில்லை என்று தளர்த்தியபோது, அதற்கு ஈடாகப் பிரிட்ஜ் கோர்ஸ் நடத்த வேண்டும் என்றது. சேர்க்கையைத் தளர்த்திவிட்டு அந்த வகுப்பை ஒரு வாரச் சடங்காக முடித்தால், பிள்ளையை ஏமாற்றியதாகத்தான் அர்த்தம்.

கல்லூரிகளுக்கு: உதவி வகுப்பைக் கால அட்டவணைக்குள் வையுங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் வைத்தால், ஏழாயிரம்பண்ணைக்கும் வெம்பக்கோட்டைக்கும் பஸ் பிடிக்க வேண்டிய பிள்ளை வராது. அந்த வகுப்பு அந்தப் பிள்ளைக்குத்தான் தேவை. பெயர்ப் பட்டியலைப் பலகையில் ஒட்டாதீர்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

பெற்றோருக்கு: கல்லூரியில் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த வகுப்புக்குத் தனிக் கட்டணம் உண்டா? இதனால் பட்டப்படிப்பின் காலம் நீளுமா? என் பிள்ளை எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் பின்தங்கியிருக்கிறது? பதில் திருப்தியாக இருந்தால் பிள்ளையை ஒரு நாள்கூடத் தவறாமல் அனுப்புங்கள். பட்டியலில் பெயர் வந்ததற்காகப் படிப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.