இரத்தம் ஊறும் இடம்

மைசூரில் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு தாய் ஒருநாள் மாலை கையில் டானிக் பாட்டிலுடன் வந்தார். அவருடைய ஆறு வயது மகனுக்கு இரத்தப் புற்றுநோய், சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. "பையன் வெளுத்துப்போயிருக்கான் சார். இரத்தம் ஊறும்னு சொந்தக்காரங்க வாங்கிக் கொடுத்தாங்க. கொடுக்கலாமா?" என்று கேட்டார். ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியன் என்பதால் என்னிடம் வந்திருந்தார். பாட்டிலில் ஒட்டியிருந்ததைப் படித்தேன். இரும்புச் சத்துடன் ஃபோலிக் அமிலமும் இருந்தது. "டாக்டரைக் கேட்காமல் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்காதீங்கம்மா" என்றேன். அதற்கு நான் சொன்ன காரணத்தையே இங்கு எழுதுகிறேன்.

நம் இரத்தம் பிறப்பது எலும்பு மஜ்ஜையில். அங்குள்ள தாயணுக்களிலிருந்தே சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாம் உண்டாகின்றன. சிவப்பணுக்கள் மட்டும் நொடிக்குச் சுமார் 20 லட்சம் பிறக்கின்றன. ஓர் அணு இரண்டாகப் பிரியுமுன் தன் மரபுப் பொருளைப் படியெடுக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் தேவை.

இதன் முதல் தடயம் நம் நாட்டில்தான் கிடைத்தது. 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், கர்ப்பிணிகளுக்கு வந்த கடும் இரத்தசோகையை ஆராய்ந்தார். பந்திப்பூர்க் காட்டைக் கடந்து நாம் உதகைக்குப் போகிறோமே, அதற்கு அப்பால் உள்ள குன்னூரின் பாஸ்டர் நிலையத்திலும் 1929இல் சில மாதங்கள் ஆய்வு செய்தார். மார்மைட் என்ற ஈஸ்ட் சாறு அந்தச் சோகையைத் தீர்ப்பதை 1931இல் வெளியிட்டார். அதிலிருந்த சத்துதான் பின்னர் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது.

குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வரும் இரத்தப் புற்றில், நோய் எதிர்ப்புக்கு உரிய வெள்ளையணுக்கள் முதிர்ச்சியடையாமல் பெருகி மஜ்ஜையை அடைத்துக்கொள்கின்றன. சிவப்பணு குறைவதால் உடல் வெளுக்கிறது. தட்டணு குறைவதால் இரத்தக் கசிவு. நல்ல வெள்ளையணு குறைவதால் அடிக்கடி காய்ச்சல். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் இத்தகைய குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்தபோது நோய் இன்னும் வேகமெடுப்பதாகக் கண்டார். நல்ல அணுவுக்கு உணவானது கெட்ட அணுவுக்கும் உணவாயிற்று!

அப்படியானால் அந்த உணவை மறித்தால்? சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா சென்ற யெல்லாப்ரகட சுப்பாராவின் குழுவினர், லெடர்லி ஆய்வுக்கூடத்தில் ஃபோலிக் அமிலத்தைப் போலவே இருக்கும் போலிப் பொருள்களை உருவாக்கினார்கள். பூட்டுக்குள் நுழைந்து, திறக்காமல் அடைத்துக்கொள்ளும் கள்ளச்சாவி போன்றவை அவை. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினை ஃபார்பர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேர் தேறினார்கள் என 1948இல் எழுதினார். அந்த நலம் சில மாதங்களே நீடித்தது. ஆனாலும் வழி திறந்துவிட்டது. அதே ஆண்டு சுப்பாராவ் காலமானார்.

அதன் தம்பியான மெத்தோட்ரெக்சேட் இன்றும் இந்தச் சிகிச்சையில் முக்கிய மருந்து. பல மருந்துகளைச் சேர்த்து முழுமையாகச் சிகிச்சை தரும் நல்ல மையங்களில் பத்தில் எட்டுக் குழந்தைகளுக்கு மேல் பிழைக்கிறார்கள். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும் குழந்தைக்கு நாமாக ஃபோலிக் அமிலம் கொடுத்தால் மருந்தின் வேலை குறையக்கூடும். அதன் இனத்தைச் சேர்ந்த மாற்று மருந்தை டாக்டர்களே கொடுப்பதுண்டு. ஆனால் அதற்கு அளவும் நேரமும் கணக்கு உண்டு.

அந்தத் தாய் மறுநாள் பாட்டிலை மருத்துவமனைக்கே எடுத்துச் சென்று காட்டினார். அன்பர்களே, இப்படிப்பட்ட குழந்தைக்கு உதவ விரும்பினால் டானிக் வாங்கவேண்டாம். இரத்த வங்கிக்குச் செல்லுங்கள். தட்டணுக்களைச் சுமார் 5 நாட்களே சேமித்து வைக்க முடியும். ஆகவே கொடுப்பவர்கள் எப்போதும் தேவை.