சோழன் பெயரில் சோறு இருக்கிறதா?

ஐப்பசிப் பௌர்ணமியன்று கங்கைகொண்ட சோழபுரம் போயிருக்கிறீர்களா? சுமார் 13 அடி உயர லிங்கத் திருமேனி, வெள்ளை வெளேரென்று அன்னத்தால் மூடிக் காட்சி தரும். 100 மூட்டை அரிசி என்று கணக்குச் சொல்வார்கள். ஆவுடையாரில் சாத்திய அன்னம் நமக்குப் பிரசாதம். பாணத்தில் சாத்தியதை மீன்களுக்கு உணவாக நீர்நிலையில் கரைத்து விடுவார்கள்.

அங்கே வரிசையில் நின்றபோது பக்கத்தில் இருந்த மாமி, ''சோழன் ஊரில் சோறு அபிஷேகம். பேர்லயே இருக்கே!'' என்றார். தமிழ் படித்தவள் இல்லையா... எனக்கு அது மனசில் தங்கிவிட்டது. உண்மையிலேயே பேரில் சோறு இருக்கிறதா?

மாமி சொன்னதைத் தள்ளிவிட முடியாது. 'சொல்' என்பதற்கு 'நெல்' என்றும் ஒரு பொருள் தருகின்றன நிகண்டுகள். 'சொன்றி' என்றால் சோறு. சங்க இலக்கியத்திலேயே வருகிறது. சொல், சொன்றி, சோறு, சோழம் எல்லாம் ஒரே வேர்தான்; நெல் விளையும் நாட்டை ஆண்டவன் சோழன் என்பது சொல்லாராய்ச்சி செய்தவர்களில் சிலரது கருத்து. 'வளவன்' என்று அவனுக்கு இன்னொரு பெயர் இருப்பதும் இதற்குப் பொருந்துகிறது. ஆனால் லகரமும் றகரமும் ழகரமும் ஒரே வேரில் சேர்ந்த விதத்தை யாரும் ஐயமற நிறுவிவிடவில்லை.

சோழர்களே என்ன சொல்லிக்கொண்டார்கள்? வீரராஜேந்திரனின் (1063-1070) கன்னியாகுமரிக் கல்வெட்டு ஒரு கதை சொல்கிறது. சூரிய குலத்தில் 'சோழன்' என்றே ஓர் அரசன். மான் வடிவில் வந்த அரக்கனைத் துரத்திக்கொண்டு தெற்கே வந்தவன், அவனை வதைத்துவிட்டுக் காவிரியைக் கண்டான்; அந்தணர்களை வரவழைத்து அதன் கரையில் குடியேற்றினான். அவன் பெயரே குலத்துக்கும் வந்ததாம். மான் என்றதும் ராமாயணம் ஞாபகம் வருகிறது அல்லவா? அதே சூரிய குலம்தானே!

பரிமேலழகர் வேறு வழி காட்டுகிறார். திருக்குறளில் 'பழங்குடி' என்ற சொல்லுக்கு உரை எழுதும்போது, படைப்புக் காலம் முதல் மேம்பட்டு வரும் குடிக்கு உதாரணமாகச் சேர, சோழ, பாண்டியரைச் சொல்கிறார். அதாவது, சோழர் என்பது ஒரு குடியின் பெயர்.

எனக்கு இதுவே சரியாகப் படுகிறது. காரணம், அசோகரின் கல்வெட்டுகள். தன் எல்லைக்கு அப்பால் இருந்தவர்களைச் சொல்லும்போது அவர் 'சோட' என்று குறிப்பிடுகிறார். ஒரு ராஜாவின் பெயராக அல்ல, மக்களின் பெயராக! கி.மு. மூன்றாம் நூற்றாண்டு அது. தஞ்சைப் பெரிய கோயில் எழுந்த 1010-க்கு 1,200 வருடங்களுக்கும் முன்னால்! ழகரம் வராதவர்கள் வாயில் சோழர் 'சோடர்' ஆனார்கள். சோழமண்டலக் கரையும் வெள்ளைக்காரர் வாயில் 'கோரமண்டல்' ஆயிற்று. நம் வீட்டுப் பிள்ளைகள் 'சோளன்' என்று எழுதினால் உடனே திருத்துங்கள். அது மக்காச்சோளம்!

1279-ல் சோழ அரசு முடிந்துபோனது. ஆனாலும் 108 திவ்ய தேசங்களில் 40-ஐயும், தேவாரத் தலங்களில் காவிரியின் இரு கரையிலும் உள்ள 190-ஐயும் இன்றும் 'சோழ நாட்டுத் தலங்கள்' என்றுதான் சொல்கிறோம். 'தஞ்சாவூர் ஜில்லாத் தலங்கள்' என்று யாரும் சொல்வதில்லை.