சிறுவர்களுடன் ஒரு களக் கற்கை: வங்காலைச் சரணாலயம்

க.பொ.த. (சாதாரண தரம்) விஞ்ஞானம் - சூழற்றொகுதி, உயிர்ப் பல்வகைமை

மாணவர்களே,

சூழற்றொகுதி பற்றிய வினாக்களுக்கு நம்மிற் பலர் பாடநூலின் வரைவிலக்கணத்தை அப்படியே எழுதிவிடுகிறோம். "தரப்பட்ட களத்தில் நீர் அவதானித்த இசைவாக்கம் ஒன்றை விளக்குக" என்று கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. இதற்கு ஓர் எளிய பரிகாரம் உண்டு. இரண்டாம், மூன்றாம் தரத்திற் படிக்கும் தம்பி தங்கையரை அழைத்துக்கொண்டு அருகிலுள்ள சரணாலயம் ஒன்றுக்குப் போய் வாருங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரும் உடன் வரவேண்டும். பரீட்சகர் கேட்காத கேள்விகளையும் அச்சிறுவர்கள் கேட்பார்கள்.

மன்னாரிலுள்ள வங்காலைச் சரணாலயத்தை இங்கு உதாரணமாகக் கொள்வோம். மதவாச்சி - தலைமன்னார் வீதியில் (ஏ-14) மன்னார்த் தீவை நெருங்கும்போது இருபுறமும் தெரியும் சேற்றுத்தரை, உவர்ச் சதுப்பு, கண்டற்காடு, முட்புதர் ஆகியவை இதனுள் அடங்கும். 2008 ஆம் ஆண்டு சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. பரப்பு 4839 ஹெக்ரெயர். 2010 இல் ராம்சார் ஈரநிலமாகவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. (ராம்சார் சமவாயம் 1971 பெப்ரவரி 2 ஆம் திகதி ஈரானின் ராம்சார் நகரில் கைச்சாத்தானது. இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலம் புந்தல. இவ்விரண்டையும் மாற்றி எழுதாதீர்கள்.)

போகும் காலமும் நேரமும்

ஒக்டோபர் முதல் மார்ச் வரை பொருத்தமானது. வட ஆசியாவின் குளிரை விட்டு வரும் பறவைகள் மத்திய ஆசியப் பறவைப் பாதையின் தென்முனையான நமது தீவில் அப்போது தங்கியிருக்கும். விடியற்காலையிலேயே போய்விடுங்கள். ஒன்பது மணிக்குப் பின் வெயில் சிறுவர்களைச் சோர்வடையச் செய்யும். கானல் அசைவதால் தூரத்துப் பறவைகளும் தெளிவாகத் தெரியா. குடிநீர், தொப்பி, பென்சில், கொப்பி போதும். தொலைகாட்டி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: அது வாகனங்கள் விரைந்து செல்லும் பிரதான வீதி. சிறுவர் கையை விடாதீர்கள்.

சிறுவர் கேட்கும் கேள்விகள்

"அக்கா, அதுக்கு ஏன் ரோஸ் நிறம்?" பூநாரையைக் கண்டதும் முதலில் வரும் கேள்வி இதுதான். பிறவி நிறம் என்று சொல்லிவிடாதீர்கள். பூநாரைக் குஞ்சு சாம்பல் நிறமானது. அல்காக்கள் கரட்டினொயிட்டு என்னும் நிறப்பொருளை உற்பத்தி செய்கின்றன. அல்காவைத் தின்னும் சிறு இறாலினங்களின் உடலில் அது சேர்கிறது. அல்காவையும் இறாலினங்களையும் உண்ணும் பூநாரையின் இறகுகளுக்கு அந்நிறம் போய்ச் சேர்கிறது. உணவுச் சங்கிலியைக் கண்ணாற் காண்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அல்கா → சிறு இறாலினம் → பூநாரை

அம்புக்குறி உண்ணப்படுவதிலிருந்து உண்பதை நோக்கியே வரையப்படும். அது சக்தி பாயும் திசை. வருடந்தோறும் மாணவர் புள்ளி இழக்கும் இடம் இது.

"அது ஏன் தலையைக் கவிழ்த்துச் சாப்பிடுது?" வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, நாக்கைப் பம்பி போல இயக்கி, அலகினுள் உள்ள மெல்லிய தகடுகளால் உணவை வடித்தெடுக்கிறது. "முழங்கால் ஏன் பின்னுக்கு மடியுது?" என்று ஒரு சிறுமி என்னிடம் கேட்டாள். மடிவது முழங்கால் அல்ல, கணுக்கால். உண்மையான முழங்கால் மேலே இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது.

அடுத்து அலகுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே சேற்றுத்தரையிற் குட்டை அலகுப் பறவை மேற்பரப்பிலுள்ளதைக் கண்ணாற் கண்டு கொத்தும். நீண்டு வளைந்த அலகுடையது ஆழத்திலுள்ள புழுவை இழுத்தெடுக்கும். உணவு வேறு வேறு ஆழங்களில் இருப்பதால் இனங்களுக்கிடையே போட்டி குறைகிறது. இசைவாக்கம் பற்றிய வினாவுக்கு இதை எழுதலாம்.

கண்ணா மரத்தடியிற் சேற்றிலிருந்து பென்சில்கள் போல நிமிர்ந்து நிற்பவை மூச்சுவேர்கள். நீரை உறிஞ்சவே அவை வெளியே நிற்கின்றன என எழுதுவது தவறு. சேற்றில் ஒட்சிசன் குறைவு. வளியிலுள்ள ஒட்சிசனைப் பெறுவதே அவற்றின் தொழில்.

எண்ணும் முறை

கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் 10 பறவைகளை எண்ணி, அவை பிடிக்கும் இடத்தை மனதிற் குறித்துக்கொள்ளுங்கள். அதுபோன்ற இடங்கள் 23 இருப்பின் மதிப்பீடு 10 × 23 = 230. தம்பியும் தங்கையும் தனித்தனியே எண்ணட்டும். மூவரின் விடைகளையும் கூட்டிச் சராசரி காணுங்கள். விடைகள் வேறுபட்டாற் சண்டை வேண்டாம். அளவீட்டில் வழு ஏற்படும் விதம் அப்போதுதான் விளங்கும்.

ஒருமுறை நாங்கள் எண்ணிக்கொண்டிருக்கையில், உற்சாகம் தாங்காத சிறுவன் ஒருவன் கத்திக்கொண்டு சேற்றுக்குள் ஓடினான். முழுக் கூட்டமும் எழும்பிப் பறந்து களப்பின் மறுகரையில் இறங்கியது. அன்றைய எண்ணிக்கை அத்தோடு முடிந்தது. அவன் அழுதான், யாரும் ஏசவில்லை. நட்டம் எங்கள் கொப்பிக்கு மட்டும் அல்ல. குடிபெயர் பறவைகள் திரும்பிச் செல்லுமுன் உடலிற் கொழுப்பைச் சேமிக்கவேண்டும். ஒவ்வொரு முறை கலைக்கப்படும்போதும் மேயும் நேரம் குறைகிறது, சேமித்த சக்தியும் செலவாகிறது. அவ்வாறு பல தடவை நடந்தால் நெடும்பயணத்துக்குப் போதிய கொழுப்பு இராது. இதனைச் சிறுவர்களுக்குப் புறப்படுமுன்பே சொல்லியிருக்கவேண்டும். நான் சொல்லவில்லை.

சரணாலயமும் தேசிய பூங்காவும்

இரண்டும் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் (1937 இன் 2 ஆம் இலக்கம்) கீழ் பிரகடனப்படுத்தப்படுவன. தேசிய பூங்காவினுள் அனுமதிச்சீட்டுடனேயே செல்லலாம். சரணாலயத்தினுள் தனியார் காணிகளும் இருக்கலாம். மக்களின் வழமையான தொழில்களும் நடைபெறலாம். ஆகவேதான் சரணாலயத்தைக் காப்பது கூடுதற் சிக்கலானது.

பயிற்சி வினாக்கள்

1. மேலே தரப்பட்ட உணவுச் சங்கிலியில் உற்பத்தியாக்கி, முதல் நுகரி ஆகியவற்றைப் பெயரிடுக.

2. களப்பில் அல்காக்கள் அழிந்தாற் பூநாரைகளின் எண்ணிக்கைக்கும் நிறத்துக்கும் என்ன நேரும்? காரணம் தருக.

3. மன்னார்த் தீவின் தம்பபவனி காற்றாலையில் 30 காற்றுச் சுழலிகள் உள்ளன. மொத்தக் கொள்ளளவு 103.5 மெகாவாற்று.
(அ) ஒரு சுழலியின் கொள்ளளவைக் காண்க.
(ஆ) காற்றுச் சக்தியின் சூழல் நன்மை ஒன்றையும், குடிபெயர் பறவைகளுக்கு அதனால் ஏற்படக்கூடிய பாதிப்பு ஒன்றையும் எழுதுக.
(குறிப்பு: ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் அரைவாசிப் புள்ளியே கிடைக்கும்.)

4. உமது பிரதேசத்திலுள்ள குளம், களப்பு அல்லது காடு ஒன்றுக்கு ஏழு வயதுச் சிறுவர் இருவரை அழைத்துச் செல்லவுள்ளீர். புறப்படுமுன் அவர்களுக்குக் கூறவேண்டிய மூன்று அறிவுறுத்தல்களைக் காரணத்துடன் எழுதுக.