தங்கமீனுக்குக் காற்றுப்பைக் கோளாறு: காரணமும் நிவர்த்தியும்

தக்கலைக்கு அருகே ஒரு விவசாயியின் தென்னந்தோப்பைப் பார்வையிட அண்மையில் சென்றிருந்தேன். வீட்டுத் திண்ணையில் இருந்த கண்ணாடித் தொட்டியில் ஒரு தங்கமீன் வயிறு மேலாக மிதந்துகொண்டிருந்தது. "பாட்டா, மீன் செத்துப் போச்சா?" என்று பேத்தி அழுதாள். "குளத்துல கொண்டு விட்டிருவோம் மக்களே, பிழைச்சா பிழைக்கட்டு" என்றார் பெரியவர். அருகில் சென்று பார்த்தேன். செவுள் மூடிகள் சீராக அசைந்தன. மீன் சாகவில்லை, உடலைச் சமநிலையில் நிறுத்த முடியாமல் தவித்தது.

பயிரில் இலை மஞ்சளானால் உடனே மருந்து தெளிப்பதில்லை. முதலில் மண்ணையும் வேரையும் நீரையும் பார்க்கிறோம். மீனுக்கும் அதே முறைதான்.

காற்றுப்பையின் வேலை

தங்கமீன் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. சீன நாட்டில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வளர்ப்பு மீனாக்கப்பட்டது. இதன் வயிற்றினுள் முதுகெலும்பை ஒட்டி இரண்டு அறைகள் கொண்ட காற்றுப்பை உள்ளது. மீன் மூழ்காமலும் மிதக்காமலும் நீரின் நடுவே நிற்பது இதனால்தான். ஒலியை உணரவும் இது துணை செய்கிறது. இப்பையை உணவுக்குழலுடன் ஒரு மெல்லிய குழாய் இணைக்கிறது.

வால் விரிந்து, உடல் உருண்டையாக இருக்கும் அலங்கார ரகங்களில் உள்ளுறுப்புகள் நெருக்கமாக அமைந்துள்ளன. குடல் சிறிது உப்பினாலும் காற்றுப்பை நசுங்கும். எனவே இக்கோளாறு இந்த ரகங்களிலேயே மிகுதியாகக் காணப்படுகிறது.

கோளாறு ஏன் வருகிறது?

1. மிதக்கும் உலர் தீவனத்தைத் தின்னும்போது மீன் காற்றையும் சேர்த்து விழுங்குகிறது. உலர் தீவனம் குடலினுள் ஊறிப் பருக்கிறது.

2. தங்கமீனுக்குத் தனி இரைப்பை கிடையாது. அளவுக்கு மேல் தீவனம் போட்டால் மலச்சிக்கல் உண்டாகிறது.

3. நீர் திடீரெனக் குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகிறது. நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால் இதில் கவனம் தேவை.

4. கழிவு தேங்கிய நீரில் அம்மோனியா சேர்கிறது. இதனால் மீன் நலிந்து நோய்க்கு இடம் கொடுக்கிறது. கிருமித் தொற்றினாலும் காற்றுப்பை பாதிக்கப்படலாம்.

செய்ய வேண்டியவை

முதல் நாள் தொட்டி நீரில் கால் பங்கை மாற்றவும். குழாய் நீரானால் ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்து பயன்படுத்தவும். பிளீச்சிங் பவுடர் போட்ட கிணற்று நீரை உடனே ஊற்றக் கூடாது. புதிய நீரும் பழைய நீரும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும்.

இரண்டு முதல் மூன்று நாட்கள் தீவனத்தை அறவே நிறுத்தவும். வளர்ந்த மீன் இதைத் தாங்கும். வீட்டில் அனைவருக்கும் இதைச் சொல்லி வைக்கவும். குழந்தைகள் இரக்கப்பட்டு ஒரு சிட்டிகை போட்டுவிட்டால் பட்டினியின் பயன் போய்விடும்.

நீர்மட்டத்தை 15 செ.மீ. அளவுக்குக் குறைத்தால் மீன் மேலும் கீழும் போராட வேண்டியிராது. காற்றுக் குமிழியின் வேகத்தையும் மட்டுப்படுத்தவும்.

நான்காம் நாள் பச்சைப் பட்டாணி ஒன்றை உப்பிடாமல் வேகவைத்து, தோலை உரித்து, சிறு துணுக்குகளாக்கிப் போடவும். அதன் நார்ச்சத்து குடலை இளக்க உதவும். மீதியானதை உடனே அகற்றவும்.

மீன் சோர்ந்திருந்தால் லிட்டருக்கு 1 கிராம் வீதம் அயோடின் சேராத கல்லுப்பைக் கரைத்துச் சேர்க்கலாம். தென்னைக்கு இடும் மக்னீசியம் சல்பேட்டு வீட்டில் இருக்கிறதென்று அதை எடுத்துப் போட வேண்டாம். அது உரத் தரம், மீனுக்கானதன்று.

செதில்கள் சிலிர்த்து அன்னாசிப் பழத் தோல்போல் நின்றாலும், உடலில் புண் கண்டாலும், ஒரு வாரத்தில் குணம் தெரியாவிட்டாலும் அது வெறும் செரிமானக் கோளாறன்று. கால்நடை மருத்துவரையோ மீன்வளத் துறை அலுவலரையோ அணுகவும். தாமாக நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகளைக் கலக்கக் கூடாது.

குளத்தில் விடலாமா?

கூடாது. தங்கமீன் நம் நீர்நிலைக்கு உரியதன்று. நோயுற்ற மீனைக் குளத்தில் விட்டால், அதே குடும்பத்தைச் சேர்ந்த கட்லா, ரோகு போன்ற வளர்ப்புக் கெண்டைகளுக்கும் நோய் பரவ வழியுண்டு. ஒரு மீனின் மீதுள்ள இரக்கம் ஊர்க் குளத்துக்குக் கேடாகிவிடக் கூடாது.

வருமுன் காத்தல்

நாளுக்கு இருமுறை, இரண்டு நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே தீவனம் போடவும். தீவனத்தை நீரில் ஊறவைத்துப் போட்டால் காற்று விழுங்குவது குறையும். சிறிய உருண்டைக் கிண்ணத்தில் தங்கமீன் வளர்ப்பதைத் தவிர்க்கவும்.

வயலில் இட்ட யூரியாவிலிருந்து வரும் அம்மோனியாவை மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றுவதை விவசாயிகள் அறிவீர்கள். தொட்டியின் வடிகட்டிப் பஞ்சிலும் அதே வேலை நடக்கிறது. ஆகவே பஞ்சைக் குளோரின் கலந்த நீரில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலசவும்.

அந்தத் தோப்பு வீட்டு மீன் ஐந்தாம் நாள் நிமிர்ந்து நீந்தியது. சற்றே சாய்வு மட்டும் மிஞ்சியது. உருண்டை உடல் ரகங்களில் சில மீன்கள் முழுமையாகத் தேறுவதில்லை. ஆயினும் உண்ணவும் சுவாசிக்கவும் முடியுமானால் அவை அச்சாய்வுடனேயே பல நாள் வாழக்கூடும். அளவான தீவனம், தூய நீர், சற்றுப் பொறுமை ஆகிய மூன்றையும் கடைப்பிடித்தால் மருந்துச் செலவின்றியே பெரும்பாலான மீன்களைக் காப்பாற்றலாம்.